ஒரு கத்தரிக்காயுடன் கொடுமுடிக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை, சூலூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையின் நிர்வாகக் குழு கூடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்றை எடுத்தது. மறுநாள் சுதந்திர தினத்தன்று, மில்லின் வெள்ளை அம்பாசிடரில், ஒரே ஒரு கத்தரிக்காயைக் கொடுமுடி வரை கொண்டுபோகலாம். கத்தரிக்காய்க்குத் துணையாக ஒரு ஜப்பானியர் போவார். ஜப்பானியருக்குத் துணையாக நான். கத்தரிக்காயில் குச்சி செருகுவது உள்ளிட்ட எந்தக் காரியத்தையும் மில் காம்பவுண்டுக்குள் செய்யக் கூடாது. வெளிக்கதவைத் தாண்டிய பிறகு ஆட்சேபணை இல்லை. முடிவு ஒருமனதாக நிறைவேறியது. டீ வந்தது.

கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கொடுமுடிக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே போனது அந்த ஒருமுறைதான். அதனால் அதைத்தான் எழுத முடியும். இதில் வரும் கட்டணங்கள் அந்தக் காலத்துடையவை, படித்துவிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம். தூரம் மட்டும் பெரிதாக மாறியிருக்காது.

அப்போது நான் அந்த மில்லில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் இருந்தேன். போல்ட், பெல்ட், பல்பு வாங்குவது வேலை. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் நிற்காமல் பேசுவேன் என்று ஒரு வதந்தி இருந்ததால், வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிவதும் என் தலையில் விழும். அந்த ஆண்டு வந்தவர் ஒகாடா. புது ஸ்பின்னிங் மெஷின்களைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வந்த எரெக்டர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியானவர். மில்லில் அவரை ஜப்பான் சார் என்பார்கள். தமிழில் மூன்று சொல் கற்றிருந்தார்: சரிங்க, போதுங்க, வாரனுங்க. இந்த மூன்றை வைத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒருவர் ஆயுள் முழுவதும் சிக்கல் இல்லாமல் வாழலாம்.

அவர் வேலை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மெஷின்கள் தயார். பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதில்லை, குடி போவதில்லை, கடை திறப்பதில்லை. கடல் தாண்டி வந்தது என்பதற்காக மெஷினுக்கு விதிவிலக்குத் தர முதலாளி தயாராக இல்லை. ஜோசியர் ஆவணி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருந்தார். மெஷின் ஓடிக் கையெழுத்து ஆகும்வரை எரெக்டர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது ஒகாடாவின் கம்பெனி விதி. ஆகவே தயாரான மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டு உள்ளே நின்றன; தயாரான மனிதர் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். ஆகஸ்ட் பதின்மூன்று முதல் பதினாறு வரை அவர்கள் ஊரில் ஒரு பண்டிகை. செத்துப்போனவர்கள் அவரவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போவார்கள். வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று பதின்மூன்றாம் தேதி பொழுதோடு வீட்டு வாசலில் சின்னதாகத் தீ மூட்டுவார்கள். பதினாறாம் தேதி விளக்கேற்றி ஆற்றில் விட்டு வழியனுப்புவார்கள். வேலைக்காக எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் அதற்கு ஊர் திரும்புவார்களாம். "ரயிலில் உயிரோடு இருப்பவர்களுக்கே நிற்க இடம் இருக்காது" என்றார்.

அவருடைய மனைவி அதற்கு முந்தின குளிர்காலத்தில் இறந்திருந்தார். அப்போது இவர் வேறொரு நாட்டில் வேறொரு மில்லில் மெஷின் பூட்டிக்கொண்டிருந்தார். ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பல்தான் இருந்தது. பிள்ளைகள் இல்லை. இறந்த பிறகு வரும் முதல் பண்டிகைதான் முக்கியமானது என்றார். மற்ற வருஷங்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் அவர்களுக்குப் பழகியிருக்கும், முதல் வருஷம் வழி தெரியாது.

"வீடு பூட்டியிருக்கிறது. அவள் வந்து பார்த்தால் யாரும் இல்லை. நான் இங்கே இருக்கிறேன். அதனால் இங்கே கூப்பிடலாமா என்று பார்க்கிறேன்."

சணல் மாதிரி ஏதோ ஒரு செடியின் காய்ந்த தண்டு வேண்டும் என்றார். அது எங்களிடம் இல்லை. பருத்திமார் இருந்தது. பருத்தி எடுத்த பிறகு மிஞ்சும் அந்தக் காய்ந்த குச்சிகளை எங்கள் பக்கம் அடுப்பெரிக்கத்தான் வைத்திருப்பார்கள். ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். இரண்டிலும் நாலு நாலு குச்சி செருகிக் கால் வைத்தார். வெள்ளரிக்காய் குதிரை: சீக்கிரம் வந்து சேருவதற்கு. கத்தரிக்காய் மாடு: மெதுவாகத் திரும்பிப் போவதற்கு.

பதின்மூன்றாம் தேதி பொழுது சாயும் நேரத்தில் கெஸ்ட் ஹவுஸ் கதவுக்கு முன்னால் குதிரையை நிறுத்தி, பருத்திமாரைப் பற்ற வைத்தார்.

அது ஒரு பருத்தி மில் என்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். பஞ்சு குடோன் இருக்கிற இடத்தில் பீடி பற்ற வைத்தாலே வேலை போய்விடும். புகையைப் பார்த்த வாட்ச்மேன் மணியை அடித்தார். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, நாலு பேர் மணல் வாளியோடு ஓடிவந்து கொட்டிவிட்டார்கள். தீ, குதிரை இரண்டும் மணலுக்கு அடியில் போய்விட்டன. வாட்ச்மேன் மூச்சு வாங்க சல்யூட் அடித்து, "அணைச்சுப்போட்டனுங்க சார்!" என்றார். வருஷா வருஷம் ஒத்திகை மட்டுமே பார்த்தவர். உண்மையான தீ அன்றுதான் கிடைத்தது.

"சரிங்க" என்றார் ஒகாடா.

எல்லோரும் போன பிறகு அந்த மணல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "பார்த்திருப்பாளா?" என்று கேட்டார்.

பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் இருந்தவன் நான். சரக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் கேட்டில் விசாரித்துச் சொல்வேன். இதை யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை காப்பி கொண்டுபோன சமையல்காரர், ஜப்பான் சாரின் மேஜைமேல் நாலு குச்சி குத்திய கத்தரிக்காய் நிற்பதைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டார். மெஷின் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காயில் குச்சி குத்தி வைத்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். செய்வினை. கத்தரிக்காயை இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குளித்துவிட்டு, ஃபேக்டரி மேனேஜரிடம் போய் ராஜினாமா செய்தார். இப்படித்தான் நிர்வாகக் குழு கூடியது.

நான் போய் விளக்கம் சொன்னேன். திறப்பு விழாவுக்காக எலுமிச்சம்பழமும், வாசலில் கட்டப் பச்சை மிளகாயும், சுற்றி உடைக்கத் திருஷ்டிப் பூசணியும் அன்று காலைதான் ஆர்டர் போட்டிருந்தேன் என்பதையும் பணிவோடு குறிப்பிட்டேன். அது வேறு, இது வேறு என்று எனக்கு விளக்கினார்கள். இருந்தாலும் எல்லோரும் இரக்கமுள்ளவர்கள். பெண்சாதி செத்த மனுசன், பாவம், ஆற்றில் ஒரு விளக்கு விட்டுவிட்டுத்தான் வரட்டுமே என்றார்கள். கார் கொடுத்தார்கள். பதினாறாம் தேதி மட்டும் கொடுக்க வழியில்லை. அன்று மில்லின் எல்லாக் காரும் திறப்பு விழாவுக்கு வரும் ஒறம்பரைகளை, அதாவது உறவுக்காரர்களை, அழைத்துவரப் போகின்றன. பதினைந்தாம் தேதி மில் லீவு, கார் சும்மா நிற்கும். ஒருநாள் முன்னால் விட்டால் என்ன?

அதை ஒகாடாவிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். "அவளுக்கு ஒருநாள் குறையும்" என்றார். பிறகு, "சரிங்க" என்றார்.

பதினைந்தாம் தேதி காலை கொடியேற்றம் எட்டு மணிக்கு. முதலாளி வந்தது எட்டரைக்கு. கொடி ஏறி, கொஞ்சம் சிக்கி, விரிந்து பூக்கள் விழுந்தபோது வரிசையின் கடைசியில் நின்ற ஒகாடா கண்ணை மூடித் தலை குனிந்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பர்சனல் ஆபீசர் நெகிழ்ந்துபோய், அடுத்த நாட்டுக்காரர் நம் கொடிக்குக் காட்டும் மரியாதையைப் பாருங்கள் என்று தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஒகாடா பிறகு காரில் சொன்னார்: நமக்கு எட்டரை மணி என்றால் அவர்கள் ஊரில் மதியம் பன்னிரண்டு. யுத்தம் முடிந்த நாளின் அந்த நேரத்தில் அங்கே எல்லோரும் ஒரு நிமிடம் அப்படித்தான் நிற்பார்களாம். பர்சனல் ஆபீசரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு அன்று நல்ல நாள்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் ஆறுச்சாமி. இருகூர்க்காரர், நாற்பது வயது. அவரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "அதுக்கென்னுங்க, நம்ம ஊட்டு அம்மணியா இருந்தா செய்யமாட்டமா" என்று சொல்லி, பின்சீட்டைத் துடைத்து விரிப்புப் போட்டு வைத்திருந்தார்.

முதல் நிறுத்தம் சூலூர். சாக்கடைக்குப் போன கத்தரிக்காய்க்குப் பதில் வேறு வாங்க வேண்டும். சுதந்திர தினமானாலும் காய்க்கடை உண்டு. ஊதா நிறத்தில், கொஞ்சம் வளைந்து, காம்பு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒகாடா சொல்லியிருந்தார். குவியலை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து புரட்டினோம். கடைக்கார அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன கிலோங்க?"

"ஒண்ணு போதுங்க."

"ஒரு கிலோவுங்களா?"

"ஒரு காயிங்க."

"ஏனுங்க, மூணு ஆம்பளைங்க காரு வெச்சுட்டு வந்து ஒத்தக் காயி வாங்கறீங்க. அத வெச்சு என்ன கொளம்புங்க வெப்பீங்க?"

ஆறுச்சாமி காரணத்தைச் சொன்னார். அந்த அம்மாள் ஒகாடாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாங்கள் எடுத்த காயை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே கூடையிலிருந்து வேறொன்று எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். "இதுல சொத்தை இல்ல, கொண்டுட்டுப் போங்க கண்ணு." காசு வாங்கவில்லை.

சூலூரிலிருந்து பல்லடம் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து காங்கேயம் முப்பது. அப்போது சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான்; எதிரே லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கும். பல்லடம் தாண்டியதும் ஒகாடா மடியில் துண்டை விரித்துக் கத்தரிக்காய்க்குக் கால் செருகினார். காம்பவுண்டுக்கு வெளியே என்பதால் விதி மீறல் இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த ஆறுச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"மாடுன்னு சொல்றாரு, திமில் எங்கீங்க?"

கேட்டுச் சொன்னேன். அவர்கள் ஊர் மாட்டுக்குத் திமில் இல்லை என்றார் ஒகாடா.

"அது மாடே இல்லீங்க" என்றார் ஆறுச்சாமி. காங்கேயம் நெருங்க நெருங்க அவருக்கு வேகம் வந்துவிட்டது. வேலி ஓரமாக நின்ற ஒரு காளையைக் காட்டுவதற்காகக் காரையே நிறுத்தினார். கருத்த கழுத்தும் தோள்மேல் குன்று மாதிரித் திமிலுமாக அது எங்களை அலட்சியமாகப் பார்த்தது. ஒகாடா இறங்கிப்போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தன் கையிலிருந்த மாட்டையும் அந்த மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேகமாகப் போகுமா?" என்று கேட்டார்.

"ரேக்ளா பந்தய வண்டீல பூட்டுனா காரு பின்னால நிக்கோணுமுங்க" என்றார் ஆறுச்சாமி பெருமையாக.

"அப்படியானால் வேண்டாம். இது மெதுவாகப் போக வேண்டும்" என்று சொல்லி ஒகாடா கத்தரிக்காயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

காங்கேயத்தில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. அளவில்லாச் சாப்பாடு பதினைந்து ரூபாய். நானும் ஆறுச்சாமியும் ஒரு பக்கம் உட்கார, எதிரே ஒகாடா உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி. கூட்டமான நேரம். இலை போட வந்தவர் அதைக் காட்டி, "பக்கத்துல ஆள் வாராங்களா?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று ஒகாடா என்னைப் பார்த்தார். சொன்னேன். அவர் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியவில்லை" என்றார். இலை போடுபவருக்கு இப்படி ஒரு பதில் உதவாது. கை கழுவிவிட்டு நின்ற ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்தார். ரசம் வரும்வரை ஒகாடா சாப்பிடவில்லை. ரசம் வந்த பிறகு, "போதுங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

காங்கேயத்திலிருந்து முத்தூர் வழியாகக் கொடுமுடி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் வறண்ட மேய்ச்சல் காடு, கிளுவை வேலி. முத்தூர் தாண்டிய பிறகு வாய்க்கால் பாசனம் வர, நிறம் மாறும். மூன்று மணிக்குக் கொடுமுடி போய்ச் சேர்ந்தோம். பிரம்மா, விஷ்ணு, சிவன் மூன்று பேருக்கும் ஒரே வளாகத்தில் சன்னதி இருக்கிற கோயில். வன்னி மரம் பழமையானது, அவசியம் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. நேரே படித்துறைக்குப் போய்விட்டோம்.

காவிரியில் தண்ணீர் குறைவாகத்தான் வந்துகொண்டிருந்தது. படிகளை ஒட்டித் தேங்கிய நீர், அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால்தான் ஓட்டம். ஆடிப் பெருக்கின் கூட்டமெல்லாம் வந்து போயிருந்தது. படியோரம் வாடிய மாலைகளும் கருகமணிகளும் ஒதுங்கிக் கிடந்தன. ஒகாடா பையிலிருந்து விளக்கை எடுத்தார். நூல் பேக் செய்யும் வெள்ளைத் தாளை நாலு குச்சியில் ஒட்டி அவரே செய்த கூண்டு. முதல் வருஷ விளக்கு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமாம். மிதக்க விட ஆறுச்சாமி எங்கிருந்தோ ஒரு துண்டு வாழைமட்டை கொண்டுவந்தார்.

கரையில் திதி கொடுத்து வைக்கும் புரோகிதர் ஒருவர் தன் தட்டு, செம்பு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி பிரித்தார்.

"யாருக்குங்க?"

"அவரோட வீட்டம்மாவுக்குங்க."

"பேரு, நட்சத்திரம்?"

நட்சத்திரம் இல்லை, இது அவர்கள் ஊர் வழக்கம், விளக்கு மட்டும் விடுகிறோம் என்று நான் பதின்மூன்றாம் தேதியிலிருந்து சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மூட்டையை மறுபடி கட்டினார்.

"அனுப்பற நாள் என்னைக்குங்க?"

"நாளைக்குங்க."

"நாளைக்குன்னா இன்னைக்கு எதுக்குங்க வந்தீங்க?"

"இன்னைக்குத்தாங்க கார் கிடைச்சுது."

"காருக்குத் திதி பாக்கறதில்லீங்களே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தொழில்முறைத் தகவலாகத்தான் சொன்னார். "ஒரு நாள் முன்னப் பின்ன ஆனா நான் கையில தண்ணி உட மாட்டேனுங்க. உங்க இஷ்டம்."

ஒகாடா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். கார் விஷயத்தையும் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்தார். பிறகு புரோகிதரிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: கூப்பிட மூட்டிய தீயை உடனே அணைத்துவிட்டார்கள். அப்படியானால் வந்திருப்பாளா?

புரோகிதர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "கூப்பிட்டாருங்களா?"

"கூப்பிட்டாருங்க. தீதான் நிக்கலீங்க."

"நம்மூட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லிட்டு வந்த பொறகு சைக்கிள் பஞ்சர் ஆனா, சொன்னது இல்லைன்னு ஆயிருமுங்களா? கூப்பிட்டா கூப்பிட்டதுதானுங்க." வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் படியேறிப் போய்விட்டார்.

இதையும் சொன்னேன். சைக்கிள் பஞ்சரை ஆங்கிலத்தில் சொல்லக் கொஞ்சம் திணறினேன். ஒகாடா கத்தரிக்காய் மாட்டைப் பக்கத்துப் படியில், ஆற்றைப் பார்த்தபடி அல்ல, தன்னைப் பார்த்தபடி திருப்பி நிறுத்தினார். வெயில் இறங்கியது. ஆறுச்சாமி கார் நிற்கும் பக்கம் போனார். பிறகு ஒகாடா சொன்னார்.

"உங்கள் மெஷினுக்கு ஒரு நாள் இருக்கிறது. அதற்காக நான் காத்திருக்கிறேன். நல்லது. இவளுக்கும் ஒரு நாள் இருக்கிறது. நாளை."

குரலில் கோபம் எதுவும் இல்லை. மெஷின் எண்ணெயின் தரம் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். இன்று இரவு இங்கே தங்குகிறேன், நாளை பொழுதோடு விளக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் காரைக் கொண்டுபோங்கள், அது விருந்தாளிகளுக்கு வேண்டும் என்றார்.

ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு லாட்ஜ் இருந்தது. அவரை அங்கே வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஃபேக்டரி மேனேஜர் வீட்டில்தான் இருந்தார்.

"ஏனுங்க, ஆள அங்கயே உட்டுப்போட்டா வாரீங்க?"

"ஆமாங்க."

"ஆவணி ஒண்ணாந்தேதி காலைல ஆறு மணிக்கு ஆளில்லீன்னா மொதலாளிக்கு யாருங்க பதில் சொல்றது? அந்தாளு கம்பெனிக்கு நான் கம்ப்ளெயிண்ட் எழுதிப்போடுவேன். அவருக்குத்தான் வேலை போகும், சொல்லீட்டேன்."

"வேலை போயிருமுன்னு அவருகிட்ட முன்னாலயே சொன்னனுங்க. சரிங்கன்னாருங்க."

"வந்துருவாருன்னு எப்படிங்க அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"அவரு நாள் தப்ப மாட்டாருங்க" என்றேன். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதான்னு பாத்துக் குடுத்துட்டு வாங்க" என்று சொல்லி மேனேஜர் ஃபோனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது ஒகாடா சாவியோடு லாட்ஜ் வாசலில் நின்றார். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் மாடு. பஸ் விவரத்தை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன், யாரிடமும் காட்டலாம். எங்கள் பக்கம் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. செத்தவர்கள் இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. ஆறுச்சாமி இதிலெல்லாம் கறாரான ஆள். அவர் ஒகாடாவைப் பார்த்துக் கும்பிட்டு, "வாரனுங்க சார்" என்றார். பிறகு கொஞ்சம் தள்ளிப் பார்த்து, "வாரனுங்க அம்மணி" என்றார்.

"வாரனுங்க" என்று ஒகாடாவும் குனிந்தார்.

திரும்பும் வழியில் காங்கேயத்தில் டீ குடித்தோம். பல்லடத்துக்கு முன்னால் ஆறுச்சாமி ஒருமுறை கண்ணாடியில் காலியான பின்சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒறம்பரை வந்தா, பஸ் இல்லீன்னு பொய் சொல்லியாவது இன்னொரு நாள் இருக்க வெப்போமுங்க. நாம என்னடான்னா காரு குடுத்து மொத நாளே கெளப்பப் பாத்தம்" என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஐந்தரைக்கு ஒகாடா வெள்ளைச் சட்டை போட்டு மெஷின் பக்கத்தில் நின்றார். முந்தின இரவு கடைசி பஸ்ஸில் வந்தார் என்றும், பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது என்றும், கையில் ஒன்றும் இல்லை என்றும் வாட்ச்மேன் சொன்னார். ஓட்டம் இருக்கும் இடம்வரை மணலில் நடந்து போயிருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைத்து, பூசணி உடைத்து, ஆறு மணிக்கு முதலாளி பட்டனை அழுத்தினார். மெஷின்கள் நன்றாக ஓடின. சமையல்காரர் கேசரி கிண்டினார். மூன்றாம் நாள் பீளமேட்டில் விமானம் ஏற்றிவிட்டோம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

கொடுமுடி போகிறவர்களுக்குச் சில யோசனைகள். காரில் போகிறவர்கள் காங்கேயம், முத்தூர் வழியில் போகலாம், கூட்டம் குறைவு. காங்கேயத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் உருப்படியான கடை நாங்கள் பார்க்கவில்லை. ரயிலில் ஈரோடு போய் அங்கிருந்து கரூர் பாசஞ்சரிலும் வரலாம். ஸ்டேஷனிலிருந்து கோயிலும் ஆறும் நடக்கிற தூரம்தான். தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் மணல் திட்டைத் தாண்டி இறங்கும்போது கவனம், அங்கங்கே பள்ளம் இருக்கிறது. காரியம் செய்யப் போகிறவர்கள் நாளைச் சரியாகப் பார்த்துக்கொண்டு போங்கள், வாகன வசதியைப் பிறகு பார்க்கலாம். தங்க வேண்டும் என்றால் ஸ்டேஷன் வழியில் நான் சொன்ன லாட்ஜ் எளிமையானது, சுத்தமானது, ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று வரும். ஒருவர் தங்கினால் அறுபது ரூபாய், இரண்டு பேர் தங்கினால் நூறு. லாட்ஜ் மேனேஜர் எட்டிப் பார்த்து ஆள் எண்ணுகிறவர் அல்ல. எத்தனை பேர் என்று நாம் சொல்வதுதான் கணக்கு. ஒகாடா சாரிடம் நூறு ரூபாய் வாங்கினார்கள்.